திருமலை தந்த விளக்கு: ஜவ்வாது மலைச் சாரலில் தீபாவளி இல்ல அலங்காரத்தின் வரலாறு

ஐப்பசித் திங்களில் ஜவ்வாது மலையின் முகடுகளில் மேகம் படிந்திருக்கும். மலைக்குக் கிழக்கே விரிந்த சமவெளியில், போளூர், ஆரணி, சேத்துப்பட்டு, வந்தவாசி, செய்யாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், வயல்கள் பசுமை போர்த்தி நிற்கும். சித்திரை, வைகாசியில் பயிரிட்ட சொர்ணவாரி நெல், ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகி வீடு வந்து சேர்ந்திருக்கும். அடுத்து நட்ட சம்பாப் பயிர் தை மாத அறுவடையை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும். குதிரில் சென்ற போகத்து நெல்லும் வயலில் வரும் போகத்தின் நம்பிக்கையும் ஒருங்கே விளங்கும் இந்தக் கூதிர்ப் பருவத்தில்தான் தீபாவளி வருகிறது.

இப்பகுதியில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு அந்நாள் பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த திருநாள். அன்று இல்லத்தை அணிசெய்ய அவர்கள் கையாளும் பொருள்கள் மிகச் சிலவே: அகல்விளக்கு, அரிசிமாக் கோலம், செம்மண் காவி, மாவிலைத் தோரணம், வழிபாட்டுத் தட்டில் முனைமுறியாத அரிசி. இவை யாவும் வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவை. பார்வைக்கு எளியவையாயினும் இவற்றுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி போளூருக்கு அருகிலுள்ள திருமலையின் பாறைகளில் எழுத்தாகவும் சிற்பமாகவும் ஓவியமாகவும் இன்றும் காணக் கிடைக்கிறது. அதனைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அழகு வேண்டாம் என்று சமண அறம் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த அழகுக்காக எந்த உயிர் வருந்தியது என்று மட்டுமே அது கேட்டு வந்துள்ளது.

திருநாளின் தொன்மை

மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த காலம் கி.மு. 527 என்பது சமண மரபு. அதனை முதலாகக் கொண்டே வீர நிர்வாண ஆண்டு கணக்கிடப்படுகிறது. சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை புலரும் வேளையில் அப்பேறு நிகழ்ந்தது. வடநாட்டார் கணக்கில் அது கார்த்திகைத் தேய்பிறை; தமிழ்நாட்டில் ஐப்பசித் தேய்பிறை. அன்று மாலையே அவருடைய முதற் கணதரராகிய கௌதமர் கேவலஞானம் எய்தினார் என்பர். ஒளி ஒன்று மறைந்த நாளிலேயே மற்றோர் ஒளி தோன்றியது என்பதால், இத்திருநாள் பிரிவின் துயரை மட்டுமே கொண்டதன்று.

வீடுபேறு நிகழ்ந்த இரவில் மல்லர், லிச்சவியர் குலத்தைச் சேர்ந்த 18 அரசர்கள் விளக்கேற்றினர் எனச் சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரம் கூறுகிறது. ஞான ஒளி உலகை விட்டு நீங்கியதால் புற ஒளியையேனும் ஏற்றிவைப்போம் என்பது அவர்தம் எண்ணம். திகம்பர மரபில் இச்செய்தியைத் தெளிவுற உரைக்கும் நூல் புன்னாட சங்கத்து ஜினசேனர் இயற்றிய ஹரிவம்ச புராணம். சக ஆண்டு 705, அதாவது கி.பி. 783இல் நிறைவுற்ற அந்நூல், பாவாநகரம் அன்று விளக்கு வரிசையால் ஒளிர்ந்தது என்றும், அதன் நினைவாகவே மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடுகின்றனர் என்றும் குறிப்பிடுகிறது. தீபாவளி என்னும் பெயரின் வரலாற்றை ஆராய்வோர் தவறாது சுட்டும் சான்றுகளுள் இது தலையாயது. ஆவலி என்ற சொல்லுக்கு வரிசை என்பது பொருள். எனவே தீபாவளி என்ற பெயரே வாயில்தோறும் விளக்குகளை வரிசையாக வைத்து அணிசெய்தலைக் குறித்து நிற்கிறது.

மலை நீரும் நெல் வயலும்

விளக்கைப் பேசுமுன் நெல்லைப் பேசுதல் வேண்டும். விளைந்த நெல் வீடு வந்தாலன்றி மாக்கோலமும் இல்லை, அட்சதையும் இல்லை. இச்சமவெளியின் உழவு ஜவ்வாது மலையின் நீரை நம்பியது. செய்யாறு அம்மலையில் தோன்றுகிறது. ஆரணி வழியே ஓடும் கமண்டல நாகநதியும் அங்கிருந்து இறங்கி வந்து செய்யாற்றில் கலக்கிறது. மலையில் பெய்த மழையைத் தேக்கும் ஏரிகளும், அவற்றின் மதகுகளும், கலிங்குகளும், கால்வாய்களும் இல்லையேல் பழைய பல்குன்றக் கோட்டத்தில் நெல் இல்லை.

திருமலைக் கல்வெட்டுகள் இதனை அழகுற உணர்த்துகின்றன. அவற்றுள் பலவற்றை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890இல் பதிப்பித்தார். முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று குணவீர மாமுனிவர் என்பவரைப் பற்றியது. ஏறத்தாழ கி.பி. 1006இல் அம்முனிவர் இங்கே கலிங்கு ஒன்றைக் கட்டுவித்து, கணிசேகர மருபொற்சூரியன் என்னும் ஆசிரியரின் பெயரை அதற்குச் சூட்டினார். வைகை மலை எனப்பட்ட இத்திருமலையின் இருமருங்கும் நெல் ஓங்கி விளைவதைக் கண்டவர் என்று அக்கல்வெட்டு அவரைப் போற்றுகிறது.

இச்செய்தி ஆழ்ந்து எண்ணத்தக்கது. எல்லாவற்றையும் துறந்த முனிவர் ஒருவர், இல்லறத்தாரின் வயலுக்கு நீர் வரும் வழியைச் செம்மை செய்கிறார். துறவோர்க்கு உணவளித்தல் இல்லறத்தார் கடமை. அந்த இல்லறத்தாரின் நெற்குதிர் வற்றாமல் காக்கும் அருள் துறவோரிடம் இருந்தது. ஆசிரியரின் பெயரைக் கல்லில் மட்டும் பொறித்து வைக்காமல், ஆண்டுதோறும் நீர் வழிந்தோடும் கலிங்குக்கே சூட்டிய நன்றியும் போற்றுதற்குரியது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே எண்ணம் தொடர்ந்தது. தகடூர் அதியமான் மரபைச் சேர்ந்த விடுகாதழகிய பெருமாள் என்னும் தலைவன், சேரர் வழிவந்த எழினி முன்னர்ச் செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் பழுதுற்றிருப்பதைக் கண்டான். அவற்றைச் சீர்செய்து திருமலைமேல் எழுந்தருள்வித்தான். கோயிலுக்கு எறிமணி ஒன்றை அளித்ததுடன் ஏரிக்குக் கால்வாயும் அமைத்துக் கொடுத்தான். கோயிலுக்கு மணி, ஏரிக்குக் கால்வாய்: இவ்விரண்டும் ஒரே அறச்செயலின் இரு பகுதிகளாகவே அக்காலத்தவர்க்குத் தோன்றின. திருநாளன்று வாயிலில் ஏறும் அணி வயலிலிருந்து வருகிறது. வயலின் வளம் பொதுநீரிலிருந்து வருகிறது. பொதுநீர் அறத்தால் நிலைபெறுகிறது. இம்முறையை மறவாதவரே முன்னோர்.

விளக்கு ஈந்த மகளிர்

திருமலையின் அடிவாரத்திலும் சரிவிலும் உச்சியிலும் கோயில்களும் குகைகளும் உள்ளன. பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்ட வைகாவூரின் திருமலை என்று கல்வெட்டுகள் இதனைக் குறிக்கும். இங்குள்ள ஜினாலயம் ஒன்று குந்தவை ஜினாலயம் என்று பெயர் பெற்றது. ராஜராஜனின் தமக்கையாகிய குந்தவைப் பிராட்டியார், இன்று தாதாபுரம் எனப்படும் ராஜராஜபுரத்திலும் சிவன் கோயில், திருமால் கோயில் ஆகியவற்றுடன் ஜினாலயம் ஒன்றையும் எடுப்பித்தவர்.

திருமலைக்கு விளக்கு அளிக்கும் மரபு குந்தவையார்க்கும் முற்பட்டது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 19ஆம் ஆட்சியாண்டில், கங்கமாதேவி என்னும் அரசியின் பணியாள் ஒருவர் திருமலை இயக்கனுக்கு விளக்கு அளித்த செய்தி இங்குக் கல்லில் உள்ளது. அது பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அரசியாரின் கொடையை மட்டுமன்றி, அவர்தம் பணியாளின் சிறுகொடையையும் அதே பாறை ஏற்றுக்கொண்டுள்ளது.

முதலாம் ராஜேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். கங்கைக்கரை வரை சென்ற படையெடுப்பின் வெற்றிகளை அது நிரல்படக் கூறுவதே அதற்குக் காரணம். வென்ற நாடுகளின் நீண்ட பட்டியலைப் படித்தவர்களுள் பலர், அது பொறிக்கப்பட்டதன் நோக்கத்தை நின்று நோக்குவதில்லை. பெரும்பாணப்பாடியில் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயன் என்பவரின் மனைவி சாமுண்டப்பை, திருமலைக் குந்தவை ஜினாலயத்தில் திருநந்தா விளக்கு எரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு அளித்தார். அதைப் பதிவு செய்யவே அக்கல் எழுந்தது. படையெடுப்பின் புகழுரை அதற்கு முகவுரையாக அமைந்தது. பேரரசனின் வெற்றிகள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றதற்கு ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்மணி ஏற்றிய விளக்கும் துணை நின்றது.

அதற்கு முந்தைய ஆட்சியாண்டைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு, இளைய மணி நங்கை என்பவர் திருமலைத் தேவருக்கு விளக்கு அளித்ததைக் கூறுகிறது. தாம் ஈந்த விளக்குடன், பல்லவ அரசரின் தேவியாகிய சின்னவை முன்னர் அளித்த விளக்கும் அணையாதிருக்கப் பொருள் ஒதுக்கப்பட்டதை அதில் காண்கிறோம். பிறர் ஏற்றிய விளக்கை அணையாமல் காப்பதும் தாமே புதிதாக ஒன்றை ஏற்றுவதற்கு நிகரான அறம் என்பது அவர்கள் கருத்து. சம்புவராயர் காலத்தில் பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்பவர் இம்மலையில் திருவுருவம் ஒன்றை எழுந்தருள்வித்தார். இவ்வாறு நூற்றாண்டு தோறும் மகளிர் பெயர்கள் இங்குத் தொடர்கின்றன.

அந்நாளில் ஒரு நந்தா விளக்கை எரிப்பதற்குப் பெரும் ஏற்பாடு தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஆடுகளைப் பேணுவோர் நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்தனர். மூத்தவை கழிந்தாலும் குட்டிகள் பெருகி மந்தையின் எண்ணிக்கை குன்றாதிருக்கும் என்பதே அப்பெயரின் பொருள். திருமலையில் காசாக அளித்தபோதும் நோக்கம் ஒன்றே. முதல் கரையக் கூடாது. அதன் பயனால் மட்டுமே விளக்கு எரிய வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளளவும் என்று கல்லில் எழுதியவர்கள் தம் வாழ்நாளுக்கு அப்பாலும் எண்ணிப் பார்த்தவர்கள்.

இல்லத்தில் மாடக்குழி விளக்கை ஏற்றும் கையும் கோயிலுக்கு நந்தா விளக்கு ஈந்த கையும் ஒன்றே என்பதை இக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. தீபாவளி மாலையில் சிற்றூர் வீட்டின் திண்ணையில் அகல்களை அடுக்கும் பெண்மணிக்குச் சாமுண்டப்பையின் பெயர் தெரியாமலிருக்கலாம். ஆயினும் அவர் செய்வது அதே செயலின் தொடர்ச்சியாகும்.

சுவரில் ஓவியம், தரையில் கோலம்

திருமலையின் அடிவாரத்தில் பாறையை ஒட்டி அமைந்த அறைகளின் சுவர்களிலும் விதானத்திலும் ஓவியங்கள் உள்ளன. வெவ்வேறு காலங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டப்பட்ட இவை, இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றுள் சிறப்பானது சமவசரண ஓவியம். தீர்த்தங்கரர் நடுவில் அமர, அவரைச் சூழ்ந்து வட்ட வட்டமாகத் தேவரும் முனிவரும் மக்களும் விலங்குகளும் கூடி அறவுரை கேட்கும் அவையே சமவசரணம். பகையுணர்வு நீங்கிய நிலையில் எல்லா உயிர்களும் ஒருங்கே அமரும் இடம் அது. விதானத்தில் பூவேலைப்பாடும், கட்டங்களாகவும் வட்டங்களாகவும் அமைந்த வடிவங்களும் விரிகின்றன.

அவ்வறையினின்று வெளிவந்து ஒரு சிற்றூர் வாயிலில் இட்ட கோலத்தைக் காண்பவர்க்கு இரண்டுக்கும் உள்ள உறவு எளிதில் விளங்கும். நடுவில் ஒரு புள்ளி, அதனைச் சூழ்ந்த வட்டங்கள், நான்கு திசைக்கும் வாயில் என்ற அமைப்பு இரண்டிலும் உண்டு. எதிலிருந்து எது பிறந்தது என்பதைவிட, ஒரே கண்ணும் ஒரே கையும் இரண்டையும் வளர்த்தன என்பதே பொருத்தமாகும்.

வழிபாட்டுத் தட்டில் அரிசியால் அமைக்கும் வடிவம் சமணர்க்கே உரியது. கீழே சுவஸ்திகம், அதன் நான்கு கைகளும் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நால்வகைப் பிறப்பைக் குறிப்பன. அதற்கு மேலே மூன்று புள்ளிகள்; அவை நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். எல்லாவற்றுக்கும் மேலே பிறையும் அதன்மேல் ஒரு புள்ளியும். அது வீடுபெற்ற உயிர்கள் வாழும் சித்தலோகம். நெல்லால் அன்றி அரிசியால் இதனை அமைப்பதற்குப் பெரியோர் கூறும் விளக்கம் உழவர் அனைவர்க்கும் விளங்கக் கூடியது. நெல்லை விதைத்தால் முளைக்கும். உமி நீங்கிய அரிசி முளைக்காது. அவ்வாறே வினை என்னும் உமி நீங்கிய உயிர்க்கு மீண்டும் பிறப்பில்லை. அட்சதை என்ற சொல்லுக்கு முறியாதது என்பது பொருள். அறுவடையில் வந்த நெல்லின் ஒவ்வொரு மணியும் இவ்வாறு மெய்ப்பொருளை உணர்த்தும் எழுத்தாகிறது. மகாவீரர் வீடுபெற்ற நாளுக்கு இதைவிடப் பொருந்திய அணி வேறில்லை.

வாயிலில் கட்டும் மாவிலைத் தோரணம் தமிழர் அனைவர்க்கும் பொதுவானது. சமண இல்லத்தில் அது மேலும் ஒரு கதையை நினைவூட்டும். நேமிநாதரின் இயக்கியாகிய தருமதேவி கையில் மாங்கொத்து ஏந்தியவள். இருபுறமும் மக்கள், அருகில் சிங்கம். திருமலைக் குகையிலும் அவளுடைய சிற்பம் உண்டு. முற்பிறவியில் அவள் ஓர் இல்லத்தரசி. சிரார்த்தத்துக்கென்று சமைத்த உணவை வாயிலில் வந்து நின்ற முனிவருக்கு அளித்தாள். அதனால் சினந்த கணவனால் இரு குழந்தைகளுடன் வெளியேற்றப்பட்டாள். பசித்த குழந்தைகளுக்காக வற்றிய குளம் நிரம்பியது, பட்டுப்போன மாமரம் பழுத்தது என்பது மரபுக் கதை. பசித்து வந்தவரை வரவேற்பதே வாயிலுக்கு உண்மையான தோரணம் என்று அக்கதை சொல்லாமல் சொல்கிறது.

அணிசெய்த நகரமும் அடைபட்ட விலங்குகளும்

திருமலையில் சிகாமணிநாதர் என்று போற்றப்படும் நேமிநாதரின் திருவுருவம் பாறையில் செதுக்கப்பட்டு 16 அடி உயரத்தில் ஓங்கி நிற்கிறது. தமிழ்நாட்டின் சமணத் திருவுருவங்களுள் மிக உயரமானது இதுவே. அவருடைய வரலாறு, விழாவுக்கு இல்லத்தை அணிசெய்யும் ஒவ்வொருவரும் எண்ணத்தக்கது.

நேமிநாதருக்கும் உக்கிரசேன மன்னனின் மகள் ராஜமதிக்கும் மணம் பேசப்பட்டது. நகரம் முழுவதும் அணிசெய்யப்பட்டது. மணமகனாகத் தேரேறி வந்த நேமிநாதர், வழியில் ஓரிடத்தில் விலங்குகள் அடைக்கப்பட்டு அச்சத்தால் அலறுவதைக் கேட்டார். காரணம் வினவியபோது, மணவிருந்துக்காக அவை கொண்டுவரப்பட்டன எனத் தேர்ப்பாகன் கூறினான். ஓர் இல்லத்து மகிழ்ச்சிக்காக இத்தனை உயிர்கள் மடிவதா என எண்ணிய அவர், அவற்றை விடுவிக்கச் செய்து, தேரைத் திருப்பி, ஊர்ஜயந்தகிரி சென்று துறவு பூண்டார். கிர்நார் என்று இன்று வழங்கும் அம்மலையிலேயே அவர் வீடுபேறும் அடைந்தார். ராஜமதியும் அவர் வழியில் துறவு மேற்கொண்டாள்.

தோரணங்கள் நேமிநாதரைத் தடுக்கவில்லை. அவற்றின் பின்னால் இருந்த பட்டியே அவரைத் தடுத்தது. அலங்காரத்தின் முன்பக்கத்தை மட்டும் காண்பது எளிது. பின்பக்கத்தையும் நோக்குவதே சமண நோக்கு. ஜவ்வாது மலைச் சாரலின் சமணக் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக வணங்கி வருவது, அணிசெய்த மணவிழாவினின்று இரக்கத்தால் திரும்பிய பெருமானை. ஆகவே அவர்தம் விழா அலங்காரம் எளிமையாக இருப்பதற்கு வறுமையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அது தெரிந்தே மேற்கொண்ட எளிமை.

சுடரும் ஈசலும்

அந்த எளிமைக்குள்ளும் ஒரு முரண் உண்டு. முன்னோர் அதனை மறைக்கவில்லை. ஐப்பசி மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். சுடரைத் தேடி வந்து விழும். தீபாவளியோ விளக்கின் திருநாள். மகாவீரரின் நினைவாக ஏற்றும் சுடரில் சிற்றுயிர் மடியலாமா? கதிரவன் மறையுமுன் உண்ணுதல் என்னும் நோன்பு சமணரிடையே வேரூன்றியதற்கும் இதுவே காரணம். இரவில் விளக்கை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழும். அறியாமலே உயிர்க்கொலை நேரும்.

இல்லறத்தார்க்குக் கொல்லாமையை வகுத்த ஆசிரியர்கள் இவ்விடர்ப்பாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். மனம் அறிந்து கருதிச் செய்யும் கொலையை அவர்கள் முற்றாக விலக்கினர். சமைத்தல், உழுதல், விளக்கேற்றல் போன்ற இன்றியமையாத செயல்களில் நேரும் தீங்கை, விழிப்பால் இயன்றவரை குறைக்குமாறு பணித்தனர். முதல்வகையை சங்கல்ப ஹிம்சை என்றும் பின்னதை ஆரம்ப ஹிம்சை என்றும் கூறுவர். விளக்கை விலக்குவதைவிட, விளக்கைக் கவனத்துடன் ஏற்றுவதே இல்லறத்தார்க்குரிய நெறி. தேவையான அளவே சுடர்கள், காற்றும் பூச்சியும் புகாத மாடக்குழி அல்லது கண்ணாடிக் கூண்டு, விட்டில் மொய்க்கத் தொடங்கினால் அணைத்துவிடும் மனம் என்பவை அந்நெறிக்கு ஏற்றவை. மகாவீரர் வீடுபெற்ற விடியல் வேளையில் வழிபாட்டுக்கு ஏற்றும் ஒரு சுடர், இரவு முழுதும் எரியும் நூறு சுடர்களினும் மேலானது.

இதே அளவுகோலைப் பிற அணிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவாகும் என்பது தமிழகப் பெருவழக்கு. ஆனால் அதனைக் கால் மிதிபடும் வழியில் இட்டால் உண்ண வந்த எறும்பே மிதியுண்டு மடியும். வழியை விட்டு ஒதுக்கி இடுவதே அறிவுடைமை. கல்மாவுக் கோலம் கண்ணுக்கு வெண்மையாக இருப்பினும் அதில் உண்பதற்கு ஒன்றும் இல்லை. ஆரணிக்கு அரிசியாலும் பட்டாலும் புகழ் உண்டு. கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டே பட்டுநூல் எடுக்கப்படுவதால், வழிபாட்டிலும் தோரணத்திலும் பருத்தியையே பயன்படுத்தும் குடும்பங்கள் சமணரிடையே உண்டு. வெடியோ, விளக்கு வரிசைக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் இந்நாட்டுக்கு வந்தது. பறவையும் கால்நடையும் அஞ்சி ஓடும் ஓசைக்கும், மகாவீரரின் வீடுபேற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரவு முழுதும் மின்னும் சரவிளக்குகளும் பூச்சிகளை ஈர்ப்பவையே. அணைக்கும் வேளையை முன்னரே முடிவுசெய்துகொண்டால் அழகும் கெடாது, அறமும் கெடாது.

பூட்டிய வாயில்கள்

இன்று இவ்வலங்கார மரபுக்கு நேர்ந்துள்ள பெரிய இடர் வேறொன்று. கல்விக்காகவும் தொழிலுக்காகவும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல சென்னை, காஞ்சிபுரம், வேலூர், புதுச்சேரி, பெங்களூரு முதலிய நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டன. நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. சில இடங்களில் விற்கப்பட்டது. திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் சிற்றூர்களில் பூட்டிக் கிடக்கின்றன. தீபாவளி மாலையில் ஜினாலயத் தெருவின் ஒரு வீட்டில் விளக்கு எரிய, அடுத்த வீடுகள் இருண்டு கிடக்கும் நிலை பல ஊர்களில் உண்டு. நகர அடுக்ககத்தில் வாயிலின் முன் ஓர் அடி இடமே இருக்கும். அதில் ஒட்டுப்படக் கோலமும் நெகிழித் தோரணமும் இடம்பிடித்துவிட்டன.

காலமாற்றத்தைப் பழிப்பதால் பயன் இல்லை. திருமலையே அதற்குச் சான்று. எழினி அமைத்த உருவங்கள் பழுதுற்றன; வேறொருவர் வந்து சீர்செய்தார். சின்னவை ஏற்றிய விளக்குக்கும் சேர்த்து இளைய மணி நங்கையின் காலத்தில் பொருள் ஒதுக்கப்பட்டது. ஒளி மங்கிய காலங்களும் அதனை மீண்டும் தூண்டிய கைகளும் அங்கு மாறி மாறி வருகின்றன. 1998இல் அரகந்தகிரி ஜைன மடம் திருமலையில் நிறுவப்பட்டதும் அத்தொடர்ச்சியின் ஓர் அங்கமே.

பழைய கொடையாளர் செய்த ஏற்பாட்டின் உட்பொருளை இக்காலத்துக்கு ஏற்ப மேற்கொள்வது கடினமன்று. முதல் கரையாமல் பயனால் மட்டும் எரியும் விளக்கை அவர்கள் அமைத்தனர். ஒரு தெருவில் பிறந்த குடும்பங்கள் ஒன்றுகூடிச் சிறு வைப்புத்தொகை ஒன்றை ஏற்படுத்தினால், அவ்வூர் ஜினாலயத்தில் ஆண்டு முழுதும் ஒரு விளக்கு எரியும். தீபாவளியன்று பூட்டிய வீடுகளின் வாயிலிலும் ஊரில் உள்ளோர் ஒவ்வோர் அகல் ஏற்ற இயலும். ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று திருமலைப் பாறையில் சாமுண்டப்பையின் பெயரைக் காட்டினால், நகர இல்லத்தில் அவர்கள் ஏற்றும் அகலுக்கும் ஒரு வேர் கிட்டும். நகரத்து ஓரடி வாயிலிலும் பிடி அரிசிமாவுக்கு இடம் உண்டு. தட்டில் சுவஸ்திகமும் மும்மணியும் பிறையும் அமைக்க ஒரு கையளவு அரிசி போதும். அந்த அரிசி ஆரணி வயலில் விளைந்ததாயின், குணவீர மாமுனிவர் கண்டு மகிழ்ந்த நெல்லின் வழிவந்தது அது.

ஜவ்வாது மலையில் மழை பெய்கிறது; செய்யாற்றில் நீர் இறங்குகிறது; சம்பா வளர்கிறது. ஏற்றுவதற்கு ஒரு கை இருக்கும்வரை விளக்கும் இருக்கும். எவ்வுயிர்க்கும் இன்னல் தராத ஒளி இல்லந்தோறும் விளங்குக; அறம் வளர்க.